சுசான் லெங்லென்

சுசான் லெங்லென் (மே 24, 1899 – சூலை 4, 1938) பிரான்சு நாட்டைச் சேர்ந்த டென்னிஸ் வீராங்கனை ஆவார். இவரது முழுப்பெயர் சுசான் ரேச்சல் புளோர் லெங்லென். 1919 முதல் 1925 வரையிலான காலத்தில் விம்பிள்டன் ஒற்றையர் பட்டத்தை ஆறு முறையும், 1920 ஆம் ஆண்டு ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கப் பதக்கங்களையும் வென்றார். முதல் உலகப் போருக்குப் பின்னர் ஒற்றையர் ஆட்டங்களில் இவர் ஒரே ஒரு முறைதான் தோல்வி கண்டார். பிரெஞ்சு நாளிதழ்கள் இவரைத் தெய்வீகமானவர் எனப் பொருள்படும் அடைமொழியால் அழைத்தன.

1926 இல் லெங்லென் ஊதியம் பெற்று ஆடும் தொழில்முறை ஆட்டக்காரரானார். டென்னிஸ் உலகின் முன்னணியில் இருந்த ஒருவர், ஆணாயினும் பெண்ணாயினும், இவ்வாறு வெளிப்படையாகத் தொழில்முறை ஆட்டத்திற்கு மாறியது அதுவே முதன்முறை. அதன் விளைவாக விம்பிள்டன் உள்ளிட்ட பெரும்போட்டிகளில் ஆடும் உரிமையை அவர் இழந்தார்.

இளமைக்காலம்

லெங்லென் பாரிசு நகரில் சார்லசு லெங்லென், அனாயிசு ஆகியோரின் மகளாகப் பிறந்தார். உடன்பிறந்த தம்பி குழந்தைப் பருவத்திலேயே இறந்துவிட்டதால் ஒரே பிள்ளையாக வளர்ந்தார். தந்தைக்குக் குடும்பச் சொத்தாகக் குதிரைவண்டிப் போக்குவரத்து நிறுவனம் ஒன்று கிடைத்தது. அதை விற்ற பின்னர் குடும்பம் கோடைக்காலத்தை வட பிரான்சில் கொம்பியேன் நகருக்கு அருகிலுள்ள மாரே-சூர்-மாட்சு என்ற சிற்றூரிலும், குளிர்காலத்தைத் தென்கடற்கரையிலுள்ள நீசு நகரிலும் கழித்தது.

சிறுவயதில் லெங்லென் ஆத்துமா போன்ற நோய்களால் அடிக்கடி துன்புற்றார். உடல்வலிமை பெற விளையாட்டு உதவும் எனக் கருதிய தந்தை, 1910 இல், மகளுக்கு 11 வயதாக இருந்தபோது, டென்னிஸ் மட்டை ஒன்றை வாங்கிக் கொடுத்தார். மகளின் திறமையை விரைவில் உணர்ந்துகொண்ட அவர், தாமே பயிற்சியாளராகி முறையான பயிற்சித் திட்டம் ஒன்றை வகுத்தார்.

ஆட்டக்களத்தின் ஒரு மூலையில் கைக்குட்டையை விரித்து, பந்தை அதன் மேல் விழுமாறு அடிக்கச் செய்வது அப்பயிற்சிகளுள் ஒன்று. குறி தவறாமல் அடிக்கக் கற்றதும் கைக்குட்டை மடித்துச் சிறிதாக்கப்பட்டது என்பர். நீசு நகர டென்னிஸ் கழகத்தின் எதிரிலேயே குடும்பம் வசித்ததால், அங்கு வரும் சிறந்த ஆண் ஆட்டக்காரர்களின் ஆட்டத்தைக் கூர்ந்து பார்க்கவும், அவர்களுடன் ஆடிப் பழகவும் லெங்லெனுக்கு வாய்ப்புக் கிடைத்தது. அக்காலப் பெண்கள் பெரும்பாலும் களத்தின் பின்கோட்டருகே நின்று பந்தைத் திருப்பி அனுப்புவதோடு அமைந்தனர். லெங்லெனோ ஆண்களைப் போலவே வலைக்கு முன்னேறி ஆடவும் கற்றார். அதே வேளையில் தந்தை கண்டிப்பு மிக்கவர். பிழை செய்தால் பலர் முன்னிலையிலும் மகளைக் கடிந்துகொண்டார். வெற்றி பெற்றே ஆகவேண்டும் என்ற இந்த அழுத்தம் லெங்லெனை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது.

முதல் வெற்றிகள்

1914 ஆம் ஆண்டு பிரெஞ்சுப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் லெங்லென் மார்கரீட் புரோக்கெதியிடம் 7–5, 4–6, 3–6 என்ற கணக்கில் தோற்றார். அப்போது பிரெஞ்சுக் கழகங்களின் உறுப்பினர்கள் மட்டுமே அப்போட்டியில் ஆட முடிந்தது. அதன் பின் விரைவிலேயே, 15 வயது நிறைந்த சில நாள்களில், பாரிசை அடுத்த சான்-குளூ என்னுமிடத்தில் நடந்த உலகக் களிமண்தரைப் போட்டியில் ஒற்றையர் பட்டத்தையும், எலிசபெத் ரயனுடன் இணைந்து இரட்டையர் பட்டத்தையும் வென்றார். அதே ஆண்டு ஆகத்து மாதம் முதல் உலகப் போர் தொடங்கியதால் பெரும்போட்டிகள் நின்றுபோயின. லெங்லெனின் அடுத்த பெரும்போட்டி ஐந்து ஆண்டுகள் கழித்தே நடந்தது.

விம்பிள்டன் 1919

போருக்குப் பின் 1919 இல் விம்பிள்டன் போட்டி மீண்டும் நடைபெற்றது. புல்தரையில் லெங்லென் ஆடிய முதல் போட்டி அதுவே. அக்கால விதிப்படி முந்தைய வாகையர் நேரடியாக இறுதி ஆட்டத்தில் மட்டும் ஆடுவார். மற்றவர்கள் தமக்குள் ஆடி, வெல்பவர் அவரை எதிர்கொள்வார். போருக்கு முன் ஏழு முறை பட்டம் வென்றிருந்த இங்கிலாந்தின் டோரத்தியா லாம்பெர்ட் சேம்பர்சுக்கு அப்போது வயது 40; லெங்லெனுக்கு 20.

சூலை 5, 1919 அன்று மன்னர் ஐந்தாம் சியார்ச்சு, அரசி மேரி ஆகியோரின் முன்னிலையில் ஆட்டம் நடந்தது. முதல் செட்டை லெங்லென் 10–8 எனவும், இரண்டாவது செட்டைச் சேம்பர்சு 6–4 எனவும் வென்றனர். இடைவேளைகளில் லெங்லென் தந்தை அளித்த பிராந்தியைச் சிறிது அருந்திக் களைப்பைப் போக்கிக்கொண்டது பார்வையாளர்களை வியப்பில் ஆழ்த்தியது.

மூன்றாவது செட்டில் லெங்லென் 4–1 என முன்னணி பெற்றார். ஆனால் சேம்பர்சு விடாமல் போராடி 6–5 என முந்தியதுடன், ஒரு புள்ளி எடுத்தாலே வெற்றி என்ற நிலையை இரண்டு முறை அடைந்தார். முதல் முறை லெங்லெனின் மட்டையின் விளிம்பில் பட்ட பந்து வலையின் மேற்பட்டையைத் தொட்டு மறுபக்கம் விழுந்தது. இரண்டாம் முறை களத்தின் ஓரக்கோட்டை ஒட்டிப் பின்கையால் அடித்துத் தப்பினார். இறுதியில் 10–8, 4–6, 9–7 என்ற கணக்கில் லெங்லென் வென்றார். மொத்தம் 44 கேம்கள் ஆடப்பட்டன.

உடையும் ஆட்டமுறையும்

அக்காலத்தில் பெண்கள் இடுப்பை இறுக்கும் உள்கச்சு, உள்பாவாடைகள், கணுக்கால் வரையிலான பாவாடை, நீண்ட கைச்சட்டை ஆகியவற்றை அணிந்தே டென்னிஸ் ஆடினர். லெங்லென் உள்கச்சைத் தவிர்த்து, கெண்டைக்கால் வரையிலான மெல்லிய ஆடையையும் குட்டைக் கைச் சட்டையையும் அணிந்து களத்தில் இறங்கினார். இது சிலரிடம் அதிர்ச்சியை ஏற்படுத்தியபோதிலும், உடலைத் தடையின்றி வளைக்கவும் துள்ளவும் அவருக்கு உதவியது. பின்னாளில் பாரிசின் ஆடை வடிவமைப்பாளர் சான் பாட்டு இவருக்காக ஆடைகளை வடிவமைத்தார். தலையைச் சுற்றி இவர் கட்டிய வண்ணத் துணிப்பட்டை மற்ற பெண்களாலும் பின்பற்றப்பட்டது.

பந்தை விரும்பிய இடத்தில் துல்லியமாக விழச் செய்வதே இவரது ஆட்டத்தின் அடிப்படை. பந்தை வலுவாக அடிப்பதைவிட, எதிராளியைக் களத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்கு ஓடவைத்துப் பிழை செய்யத் தூண்டுவதையே விரும்பினார். பாலே நடனத்தை நினைவூட்டும் இவரது துள்ளல்கள் ஒளிப்படக் கலைஞர்களைக் கவர்ந்தன.

புகழின் உச்சம்

1920 ஆம் ஆண்டு விம்பிள்டனில் ஒற்றையர், இரட்டையர், கலப்பு இரட்டையர் ஆகிய மூன்று பட்டங்களையும் லெங்லென் வென்றார். அதே ஆண்டு ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் ஒற்றையர் போட்டி முழுவதிலும் 4 கேம்களை மட்டுமே இழந்து தங்கம் வென்றார். இறுதி ஆட்டத்தில் பிரித்தானியாவின் டோரத்தி ஓல்மனை 6–3, 6–0 எனத் தோற்கடித்தார். மாக்சு தெக்குசியுடன் கலப்பு இரட்டையரில் தங்கமும், எலிசபெத் தயானுடன் பெண்கள் இரட்டையரில் வெண்கலமும் பெற்றார்.

1921 இல் அமெரிக்கப் போட்டியில் ஆடவும், போரால் அழிந்த பிரெஞ்சுப் பகுதிகளின் மீட்புப் பணிக்காகக் காட்சி ஆட்டங்கள் மூலம் நிதி திரட்டவும் அமெரிக்கா சென்றார். கடற்பயணத்தால் களைத்தும் உடல்நலம் குன்றியும் இருந்த அவருக்கு ஓய்வு கிடைக்கவில்லை. முன்னணி ஆட்டக்காரர்களைத் தொடக்கச் சுற்றுகளில் பிரித்து வைக்கும் வழக்கம் அப்போட்டியில் அப்போது இல்லாததால், இரண்டாவது சுற்றிலேயே நடப்பு வாகையர் மோலா மலோரியை எதிர்கொண்டார். முதல் செட்டை 2–6 என இழந்து, இரண்டாவது செட்டின் தொடக்கத்தில் இருமியவாறே ஆட்டத்திலிருந்து விலகினார். தோல்வியைத் தவிர்க்க நோயைக் காரணம் காட்டுகிறார் எனப் பார்வையாளர்களும் அமெரிக்க நாளிதழ்களும் இவரைக் கடுமையாக விமர்சித்தனர். போருக்குப் பின் இவர் ஒற்றையரில் கண்ட ஒரே தோல்வி இதுவாகும்.

அடுத்த ஆண்டு விம்பிள்டன் இறுதி ஆட்டத்தில் இருவரும் மீண்டும் சந்தித்தனர். லெங்லென் 6–2, 6–0 என 26 நிமிடங்களில் வென்றார். லெங்லெனின் ஆட்டத்தைக் காணத் திரண்ட கூட்டத்திற்குப் பழைய மைதானம் போதவில்லை. விம்பிள்டன் போட்டி 1922 இல் சர்ச் சாலையிலுள்ள பெரிய மைதானத்திற்கு மாறியதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கூறப்படுகிறது.

1924 இல் மஞ்சள் காமாலையின் பாதிப்பால் விம்பிள்டன் போட்டியின் இடையில் விலகினார். பாரிசு ஒலிம்பிக்கிலும் ஆடவில்லை. 1925 இல் மீண்டும் வந்து, விம்பிள்டன் ஒற்றையர் போட்டி முழுவதிலும் 5 கேம்களை மட்டுமே இழந்து ஆறாவது முறையாகப் பட்டம் வென்றார். அதே ஆண்டு முதன்முறையாகப் பிற நாட்டவருக்கும் திறந்துவிடப்பட்ட பிரெஞ்சுப் போட்டியையும் வென்றார்.

கான் ஆட்டம்

பெப்ரவரி 16, 1926 அன்று பிரான்சின் கான் நகரில் லெங்லெனும் அமெரிக்காவின் எலன் வில்சும் மோதினர். வில்சு அப்போது 20 வயதே ஆன அமெரிக்க வாகையர். நுழைவுச்சீட்டுக் கிடைக்காதவர்கள் அருகிலிருந்த வீட்டுக் கூரைகளின் மேலேறிப் பார்த்தனர்.

முதல் செட்டை லெங்லென் 6–3 என வென்றார். இரண்டாவது செட்டில் 6–5 என அவர் முன்னணியில் இருந்தபோது, வில்சு அடித்த பந்து எல்லைக்கு வெளியே விழுந்ததாக ஒரு குரல் கேட்டது. ஆட்டம் முடிந்ததாகக் கருதி இருவரும் கைகுலுக்கிக் கொண்டனர். ஆனால் அக்குரல் பார்வையாளர் பகுதியிலிருந்து வந்தது எனவும், பந்து உள்ளேதான் விழுந்தது எனவும் கோட்டு நடுவர் தெரிவித்ததால் ஆட்டம் மீண்டும் தொடங்கியது. வில்சு 6–6 எனச் சமன் செய்தார். கடுமையாகக் களைத்திருந்த லெங்லென் இறுதியில் 8–6 என வென்றார். அதே ஆண்டு வில்சுக்குக் குடல்வால் அறுவை செய்யப்பட்டதால் அவர் பிரெஞ்சுப் போட்டியிலும் விம்பிள்டனிலும் தொடர இயலவில்லை. இருவரும் ஒற்றையரில் மீண்டும் மோதவே இல்லை.

விம்பிள்டனிலிருந்து விலகல்

1926 சூன் மாதம் விம்பிள்டனில், ஆட்ட நேரம் குறித்த குழப்பம் ஒன்று நேர்ந்தது. ஆட்ட நேரத்தை மாற்றுமாறு லெங்லென் விடுத்த கோரிக்கை உரியவர்களைச் சென்றடையவில்லை. லெங்லெனின் ஆட்டத்தைக் காண அரசி மேரி அரங்கில் காத்திருந்த வேளையில் அவர் களத்திற்கு வரவில்லை. தாமதமாக வந்தவரைப் போட்டி அலுவலர்கள் கண்டித்தனர்; அவர் மனமுடைந்து அழுதார். அரசியை வேண்டுமென்றே அவமதித்தார் என்ற செய்தி பரவியது. அதுவரை இவரைக் கொண்டாடிய பார்வையாளர்கள் இவருக்கு எதிராகத் திரும்பினர். சில நாள்களில் லெங்லென் போட்டியிலிருந்து விலகினார். அதன் பின்னர் அவர் விம்பிள்டனில் ஆடவில்லை.

தொழில்முறை ஆட்டக்காரர்

அக்காலத்தில் பெரும் டென்னிஸ் போட்டிகள் அனைத்தும் அமெச்சூர் எனப்படும் ஊதியம் பெறா ஆட்டக்காரர்களுக்கு மட்டும் உரியனவாக இருந்தன. வெல்பவருக்குக் கோப்பை கிடைக்கும்; பணம் கிடைக்காது. விளையாட்டின் தூய்மையைக் காப்பதற்காகவே இவ்விதி எனச் சங்கங்கள் கூறின. ஆயினும் நுழைவுச்சீட்டு விற்பனையால் வந்த வருவாய் முழுவதும் போட்டியை நடத்திய கழகங்களையும் சங்கங்களையுமே சேர்ந்தது. பரம்பரைச் செல்வம் உள்ளவர்களால் மட்டுமே ஆண்டு முழுவதும் ஆட முடிந்தது. மற்றவர்களுள் சிலர் பயணச் செலவு என்ற பெயரில் மறைமுகமாகப் பணம் பெற்றனர்.

1926 இல் லெங்லெனின் தந்தை நோயுற்றிருந்தார். குடும்பத்தின் செல்வமும் குறைந்திருந்தது. இந்நிலையில் அமெரிக்க நிகழ்ச்சி அமைப்பாளர் சார்லசு பைல், நான்கு மாதச் சுற்றுப்பயணத்திற்கு 50,000 அமெரிக்க டாலர் தருவதாக முன்வந்தார். கால்பந்து வீரர் ரெட் கிரேஞ்சைத் தொழில்முறை ஆட்டத்திற்குக் கொண்டுவந்தவரும் இவரே. அவ்வாண்டு ஆகத்து மாதம் லெங்லென் ஒப்பந்தத்தை ஏற்றார்.

இம்முடிவுக்கு லெங்லென் வெளிப்படையாகவே காரணம் கூறினார். பல ஆண்டுகள் உழைத்து டென்னிஸ் சங்கங்களுக்குப் பெரும் வருவாயை ஈட்டித் தந்தபோதிலும் தமக்கு எதுவும் மிஞ்சவில்லை என்றும், வேறு எந்தத் தொழிலும் கற்காத தாம் கற்ற ஒன்றைக் கொண்டு பிழைப்பதில் தவறில்லை என்றும் அவர் வாதிட்டார். செல்வர் அல்லாதவர்களை விலக்கி வைக்கும் விதி நேர்மையானதா எனவும் வினவினார்.

இச்சுற்றுப்பயணத்தில் ஆண்களும் பெண்களும் ஒரே நிகழ்ச்சியில் ஆடினர். லெங்லெனுக்கு எதிராக, மூன்று முறை அமெரிக்கப் போட்டியை வென்ற மேரி பிரவுன் ஆடினார். வின்சென்ட் ரிச்சர்ட்சு, அவார்டு கின்சி, ஆர்வி சுநோடுகிராசு, பிரான்சின் போல் பெரே ஆகியோர் ஆண்கள் பிரிவில் இடம்பெற்றனர். அக்டோபர் 9, 1926 அன்று நியூயார்க்கின் மேடிசன் சதுக்கத் தோட்ட அரங்கில் நடந்த முதல் நிகழ்ச்சியைக் காண ஏறத்தாழ 13,000 பேர் வந்தனர். லெங்லென் 6–1, 6–1 என வென்றார்.

தொடர்ந்து அமெரிக்கா, கனடா, கியூபா ஆகிய நாடுகளின் நகரங்களில் நிகழ்ச்சிகள் நடந்தன. பெரும்பாலும் ஒவ்வொரு நிகழ்ச்சிக்குப் பின்னும் அடுத்த நகருக்குத் தொடர்வண்டியில் செல்ல வேண்டியிருந்தது. பிரவுனுக்கு எதிரான 38 ஆட்டங்களிலும் லெங்லெனே வென்றார். இது அவரது ஆற்றலைக் காட்டியது. ஆனால் முடிவு முன்னரே தெரிந்த ஆட்டமாக இருந்தது சுற்றுப்பயணத்தின் குறையாகவும் ஆனது. 1927 பெப்ரவரியில் பயணம் நிறைவுற்றது. பைல் இலாபம் ஈட்டியபோதிலும் மீண்டும் இவ்வாறு ஒரு பயணத்தை நடத்தவில்லை. அதே ஆண்டு கோடையில் பிரித்தானியாவில் சார்லசு காக்ரன் என்பவர் அமைத்த குறுகிய சுற்றுப்பயணத்திலும் லெங்லென் ஆடினார். அத்துடன் அவரது போட்டி ஆட்டம் ஏறக்குறைய முடிவுக்கு வந்தது.

சங்கங்கள் இவர் மீது உடனடியாக நடவடிக்கை எடுத்தன. விம்பிள்டன் போட்டியை நடத்தும் கழகம் அவருக்கு அளித்திருந்த மதிப்புறு உறுப்பினர் தகுதியை நீக்கியது. பிரெஞ்சு டென்னிஸ் கூட்டமைப்பும் அவரை அமெச்சூர் போட்டிகளிலிருந்து விலக்கியது. அப்போது அவருக்கு வயது 27.

பிற்கால வாழ்க்கை

1929 இல் தந்தை சார்லசு காலமானார். லெங்லென் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1930களில் பாரிசில் டென்னிஸ் கற்பிக்கும் பணியில் ஈடுபட்டார். சிறுவர் சிறுமியருக்கு அடிப்படைப் பயிற்சி அளிப்பதில் அவர் அதிக கவனம் செலுத்தினார். பின்னர் பிரெஞ்சு டென்னிஸ் கூட்டமைப்பு இம்முயற்சிக்கு ஆதரவளித்தது. ஒரு காலத்தில் தடை விதித்த அமைப்பே இவரது பயிற்சிமுறையை ஏற்றுக்கொண்டது குறிப்பிடத்தக்கது. டென்னிஸ் பற்றிய நூல்களுடன் புதினம் ஒன்றையும் லெங்லென் எழுதியுள்ளார்.

மறைவு

1938 இல் இவரது உடல்நலம் விரைவாகக் குன்றியது. இரத்தப் புற்றுநோய் என அப்போது செய்திகள் வெளியாயின. கொடிய இரத்தச்சோகையே காரணம் எனவும் கூறப்படுகிறது. சூலை 4, 1938 அன்று பாரிசில், தமது 39 ஆவது வயதில் லெங்லென் காலமானார். அதற்கு இரண்டு நாள்கள் முன்னர்தான் எலன் வில்சு விம்பிள்டனில் தமது எட்டாவது ஒற்றையர் பட்டத்தை வென்றிருந்தார். லெங்லெனின் உடல் பாரிசை அடுத்த சான்-துவான் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது.

தாக்கம்

லெங்லென் எழுப்பிய வினாவுக்கு விடை கிடைக்க 42 ஆண்டுகள் ஆயின. 1968 இல்தான் பெரும்போட்டிகள் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கும் திறந்துவிடப்பட்டன. அவ்வாண்டு விம்பிள்டனில் ஆண்கள் ஒற்றையர் வாகையர் ராடு லேவருக்கு 2,000 பவுண்டும், பெண்கள் வாகையர் பில்லி சீன் கிங்குக்கு 750 பவுண்டும் பரிசாக அளிக்கப்பட்டன. 1970 இல் ஒன்பது வீராங்கனைகள் கிளாடிசு எல்ட்மனுடன் ஆளுக்கு ஒரு டாலருக்கு ஒப்பந்தம் செய்து பெண்களுக்கான தனிச் சுற்றுக்கு வித்திட்டனர். 1973 இல் அமெரிக்க ஓப்பனிலும், 2007 இல் விம்பிள்டனிலும் இருபாலருக்கும் சமமான பரிசுத்தொகை நடைமுறைக்கு வந்தது.

சிறு நகரங்களில் நடைபெறும் கீழ்நிலைத் தொழில்முறைப் போட்டிகளில்கூட இன்று ஆண்களும் பெண்களும் பரிசுத்தொகை பெறுகின்றனர். அத்தொகை பெரும்பாலும் பயணச் செலவுக்கே போதாது எனினும், ஆடி ஈட்டிய பணத்திற்காக எவரும் விலக்கி வைக்கப்படுவதில்லை.

சிறப்புகள்

பிரெஞ்சு ஓப்பன் பெண்கள் ஒற்றையர் வாகையருக்கு அளிக்கப்படும் கோப்பை சுசான் லெங்லென் கோப்பை என்று அழைக்கப்படுகிறது. அப்போட்டி நடைபெறும் ரோலண்டு காரோசு வளாகத்தில் 1994 இல் கட்டப்பட்ட இரண்டாவது பெரிய அரங்கிற்கு 1997 இல் லெங்லெனின் பெயர் சூட்டப்பட்டது. 2024 இல் அவ்வரங்கிற்கு மூடித்திறக்கும் கூரை அமைக்கப்பட்டது. 1978 இல் பன்னாட்டு டென்னிஸ் புகழ்மண்டபத்தில் இவரது பெயர் சேர்க்கப்பட்டது.

முக்கிய பட்டங்கள்

- விம்பிள்டன் ஒற்றையர்: 1919, 1920, 1921, 1922, 1923, 1925
- விம்பிள்டன் பெண்கள் இரட்டையர் (எலிசபெத் ரயனுடன்): 1919, 1920, 1921, 1922, 1923, 1925
- விம்பிள்டன் கலப்பு இரட்டையர்: 1920, 1922, 1925
- பிரெஞ்சுப் போட்டி ஒற்றையர், பிற நாட்டவருக்குத் திறந்துவிடப்பட்ட பின்: 1925, 1926
- உலகக் களிமண்தரைப் போட்டி ஒற்றையர்: 1914, 1921, 1922, 1923
- ஒலிம்பிக், ஆண்ட்வெர்ப் 1920: ஒற்றையர் தங்கம், கலப்பு இரட்டையர் தங்கம், பெண்கள் இரட்டையர் வெண்கலம்